புதன்கிழமைக்கான கிளிப்

மூன்று கருவிகளுக்கும் ஒரே வாக்கியத்தைக் கொடுத்தேன்:
பீல் நகரம், மெற் பகுதி, ஐந்து மாடிக் கட்டடம்,
பதினொரு வீடு, ஒரு துவைப்பறை,
நாள் பிடித்துக்கொள்ள ஒரு செயலி.

முதலாவது, நான் கதிரையை இழுத்து உட்காருமுன்
ஆறு திரைகளை அடுக்கிவிட்டது.
எல்லாம் ஊதா.
போன கிழமை பல் வைத்தியருக்குக் கேட்டபோதும் ஊதா,
அதற்கு முன் நாய்க் காப்பகத்துக்கும்.

இரண்டாவது கேள்வி கேட்டது.
எந்த வயதினர், எந்த நிறம், எந்த மனநிலை.
துவைக்கப் போகிறவரின் மனநிலை!
பதினோராம் கேள்வியில்
கோப்பி ஆறிவிட்டது, ஜன்னலில்
யூரா மலை இருந்த இடத்தில் பனிப்புகார்.

மூன்றாவது மலிவு. மாதம் ஒன்பது பிராங்க்.
நன்றாகத்தான் வரைந்தது,
துவைப்பறைக்குள் ஒரு நீச்சல்குளத்தைத் தவிர.

மேலாளர் உர்சினாவுக்கு வெள்ளிக்கிழமை அறிக்கை வேண்டும்,
பள்ளிக்கூடத்தில் போல
ஆறுக்கு எத்தனை என்று.

பட்டன்களில் பிரெஞ்சை ஊற்றினேன், அடங்கியது.
ஜெர்மன் சொல் சரக்கு ரயில்போல வந்தது,
பெட்டிக்குப் பின் பெட்டி,
கடைசிப் பெட்டி திரைக்கு வெளியே நின்றது.

பிறகு என் சொந்தப் பரீட்சை.
மூன்றிலும் குடியிருப்பவர்கள் எம்மா, லூக்கா, சோபி,
பல் தெரியச் சிரிக்கிறார்கள்.
அழித்துவிட்டு நாலாம் மாடிக்காரரை இட்டேன்:
கனகசபாபதிப்பிள்ளை தவரூபன்.
முதலாவது, கனக என்று மூன்று புள்ளி வைத்தது.
இரண்டாவது முழுதும் எழுதியது, எறும்பு வாசிக்கும் அளவில்.
மூன்றாவது இரண்டு வரியாக்கி
பட்டனைத் திரைக்கு அடியில் தள்ளிவிட்டது.
உள்ளூர எனக்கு ஒரு சந்தோசம்.
பிடிபட்டீர்களா!

அச்செடுத்துக்கொண்டு அவரிடமே போனேன்.
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தார்.
"ரூபன் எண்டு போடுங்கோ பிள்ளை,
தபால் பெட்டியிலயும் அதுதான் கிடக்கு.
பேரை விடுங்கோ.
எனக்கு வேலை முடிய இரவு பத்தே முக்கால்.
பத்துக்குப் பிறகு மெஷின் ஓட்டேலாது.
எனக்குத் தந்த நாள் புதன்.
புதன்ல எனக்கு நாளே இல்லை.
இதில எங்க மாத்துறது?"

பதினெட்டுத் திரை.
பிடிக்கலாம், நீக்கலாம், நினைவூட்டலாம்,
உலர்த்தும் மெஷினுக்கு ஐந்து நட்சத்திரம் கொடுக்கலாம்.
மாற்ற முடியாது.
நான் கொடுத்த வாக்கியத்தைத் திரும்ப வாசித்தேன்.
மாற்று என்ற சொல் அதிலும் இல்லை.

"இப்ப என்ன செய்யிறீங்கள்?"
கீழே கூட்டிப் போனார்.
துவைப்பறைக் கதவின் பிடியில்
உடுப்புக் காயப்போடும் கிளிப் ஒன்று, சிவப்பு.
செவ்வாய் இரவு அது தொங்கினால்
புதன், இரண்டாம் மாடி லுவாமுக்கு.
அவளுடைய வெள்ளி காலை இவருக்கு.
அஸ்மாராவிலிருந்து வந்தவளுக்குப் பிரெஞ்சு,
இவருக்கு ஜெர்மன், அதுவும் வேலைத்தள ஜெர்மன்.
நாலு வருடத்தில்
ஒரு சண்டையில்லை, ஒரு கதையுமில்லை.

அன்றிரவு கருவிகளிடம் கிளிப் கேட்டேன்.
முதலாவது வரைந்தது முதலை. ஊதா முதலை.
இரண்டாவது, எந்தச் சூழலுக்கான கிளிப் என்றது.
மூன்றாவதின் கிளிப் அச்சொட்டாக இருந்தது,
கம்பிச் சுருளில் துருகூட.
அழுத்தினேன்,
நீச்சல்குளம் திறந்தது.

அறிக்கை: நாலரை, நாலு, நாலே கால்.
அடியில் ஒரு வரி சேர்த்தேன்:
கேட்டவளுக்கு இரண்டு.
உர்சினா அதைத் தட்டச்சுப் பிழை என்று நீக்கிவிட்டாள்.

மூன்றாவதின் கிளிப்பை இப்போது
முதலாவதின் திரையில் ஒட்டிக்கொண்டிருக்கிறேன்.
ஈரப் பெருவிரலுக்கும் கேட்கவேண்டும் என்பதால்
பெரிதாக, கதவுப்பிடி அளவுக்கு.
நிறத்தை மாற்றத்தான் இருந்தேன்.
லுவாமுக்கு
ஊதா பிடிக்குமாம்.